திறக்கும் கையும் காக்கும் கையும்

அரபு மொழியில் 'ஃபத்ஹ்' என்னும் சொல் திறத்தலையும் வெற்றியையும் ஒருங்கே குறிக்கும். திறவுகோலுக்கு 'மிஃப்தாஹ்' என்றும், திருக்குர்ஆனின் தோற்றுவாய்க்கு 'அல்ஃபாத்திஹா' என்றும் பெயர் அமைந்தது அதே வேரிலிருந்துதான். தமிழில் 'திறவுகோல்' நம்முடைய பழஞ்சொல். 'சாவி' போர்த்துக்கீசியர் வழியாக வந்து சேர்ந்தது. இலங்கைத் தமிழர் அதனைத் 'திறப்பு' என்றே வழங்குவர். இவ்வாறு இரு மொழிகளும் திறத்தலுக்கு நல்ல பெயர்களைத் தந்திருக்க, உரிய சாவியின்றிப் பூட்டைத் திறக்கும் கருவிக்கு மட்டும் நாம் இட்டிருக்கும் பெயர் 'கள்ளச்சாவி'. விசாரணை தொடங்குவதற்கு முன்பே தீர்ப்பு வழங்கிவிட்ட சொல் அது.

இந்தக் கருவியைத் தம் கையாலேயே செய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகில் ஏராளமாக இருக்கிறார்கள் என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். மருத்துவர்கள், பொறியாளர்கள், மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள் எனப் பலதரப்பட்டோர் மாலை வேளைகளில் அரத்தையும் உப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு அமர்ந்து, மெல்லிய எஃகுத் தகட்டை விரலளவுக் கம்பியாக இழைக்கிறார்கள். பின்னர், தாம் விலை கொடுத்து வாங்கிய பூட்டு ஒன்றை மேசைமேல் வைத்து, அதனைச் சாவியின்றித் திறக்க முயல்கிறார்கள். திறந்ததும் மீண்டும் பூட்டிவிடுகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் பொருள் எதுவுமில்லை. ஆயத்தமான கருவிகள் கடைகளில் கிடைக்கும்போதும் அவர்கள் கையால் செய்வதையே விரும்புகிறார்கள்.

இந்த ஈடுபாட்டின் காரணம் என்ன? இது திருட்டுக் கல்வியா, கைவினையா? ஒரு சமூகம் இத்தகைய அறிவை எங்கே வைத்துக் காக்க வேண்டும்? இக்கேள்விகளுக்கு விடை தேடினால், இஸ்லாமிய நாகரிகத்தின் ஓர் அரிய பக்கமும், நம் திண்டுக்கல்லின் இன்றைய நிலையும் ஒருசேரக் கண்முன் வருகின்றன.

பூட்டின் உள்ளே நிகழ்வது

முதலில் கருவியின் இயல்பைத் தெரிந்துகொள்வது நல்லது. இன்று நம் வீட்டு வாயில்களில் தொங்கும் பூட்டுகளில் பெரும்பாலானவை முளைப்பூட்டுகள். உருளை ஒன்றுக்குள் ஐந்தாறு சிறிய உலோக முளைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு முளையும் இரு துண்டுகளாக இருக்கும். மேலிருந்து ஒரு சுருள்வில் அதனை அழுத்திக்கொண்டிருக்கும். உரிய சாவியை நுழைத்தால், சாவியின் மேடுபள்ளங்கள் ஒவ்வொரு முளையையும் சரியான உயரத்திற்கு எழுப்பும். எல்லா முளைகளின் பிளவுகளும் ஒரே கோட்டில் சேர்ந்ததும் உருளை சுழலும்.

இந்த அமைப்பின் மூலவடிவம் மரத்தால் ஆனது. 19ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த ஆங்கில அறிஞர் எட்வர்ட் லேன், எகிப்தியரின் வாழ்க்கை முறை குறித்து 1836இல் வெளியிட்ட நூலில், அங்குள்ள வீடுகளின் மரப்பூட்டை விவரித்திருக்கிறார். 'தப்பா' என்று அரபியர் வழங்கிய அப்பூட்டில் முளைகள் தம் எடையாலேயே விழுந்து தாழைப் பிடித்துக்கொள்ளும். ஆணிகள் பதித்த மரச்சாவி அவற்றைத் தூக்கிவிடும். இதே தத்துவத்தை உலோகத்தில் சிறிதாக்கி, சுருள்வில்லும் சேர்த்து, அமெரிக்கரான லைனஸ் யேல் 1861, 1865 ஆகிய ஆண்டுகளில் காப்புரிமை பெற்றார். நைல் நதிக்கரையின் மரப்பூட்டுக்கும் நம் வீட்டுப் பித்தளைப் பூட்டுக்கும் இடையே உள்ள உறவு இவ்வளவு நெருக்கமானது.

சாவியின்றித் திறப்பது எவ்வாறு இயலுகிறது? மனிதர் செய்யும் எந்தப் பொருளும் துல்லியத்தில் முழுமை பெறுவதில்லை என்பதால்தான். முளைகளுக்கான துளைகள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஆனால் மயிரிழையேனும் விலகியே இருக்கும். ஒரு திருகுகம்பியால் உருளையை மெல்ல அழுத்தினால், எல்லா முளைகளும் ஒரே நேரத்தில் இறுகுவதில்லை. ஒன்றுதான் முதலில் இறுகும். அந்த ஒன்றைத் திறப்புக் கம்பியால் தேடி எழுப்பினால் அது தன் இடத்தில் நின்றுவிடும். அடுத்தது இறுகும், பிறகு அதற்கடுத்தது. இவை யாவும் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பவை. விரல் நுனியில் உணரப்படும் மிகச் சிறிய அதிர்வே வழிகாட்டி. பூட்டைத் திறப்பவர் உண்மையில் பூட்டைச் செய்தவரின் கையெழுத்தைத் தடவிப் படிக்கிறார்.

கையால் செய்வதன் ஈர்ப்பு

சென்னையின் மேற்கே அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேடு போன்ற பகுதிகளில் வாழ்வோர்க்கு இந்த ஈர்ப்பை விளக்குவது கடினமன்று. 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆயிரக்கணக்கான குடும்பங்களை லேத்துக்கும் அரத்துக்கும் பழக்கியது. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவில் சேரும் மாணவனுக்கு முதலில் தரப்படுவது இயந்திரமன்று. ஓர் இரும்புத் துண்டும் ஓர் அரமுமே. அத்துண்டின் பக்கங்களைத் தேய்த்துச் சமப்படுத்தி, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒளிக்கீற்று உள்ளே நுழைந்தால் மீண்டும் தேய்க்க வேண்டும். பல நாள்கள் அலுப்பூட்டும் இந்தப் பயிற்சியின் முடிவில் கை ஒரு செய்தியைக் கற்றுக்கொள்கிறது: நூலளவின் ஒரு சிறு பங்கையும் விரல் அறியும்.

திறப்புக் கம்பி செய்வோர் தேடும் பொருள்கள் இத்தகைய பட்டறைகளில் குப்பையாகக் கிடப்பவை. தேய்ந்த ஹேக்ஸா பிளேடு, பழைய ஃபீலர் கேஜின் தகடு, சாலை பெருக்கும் இயந்திரத் தூரிகையிலிருந்து உதிரும் எஃகு இழை ஆகியவையே அவர்களின் மூலப்பொருள்கள். அரை மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள தகடு வேண்டும். வளைந்தாலும் மீண்டும் நிமிரும் தன்மை வேண்டும். அதனைச் சாணைக்கல்லில் பிடித்து வடிவமைக்கும்போது அடிக்கடி நீரில் தோய்த்தெடுக்க வேண்டும். எஃகு சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால் அதன் பதம் இறங்கிவிடும். பிறகு அது வளைந்த இடத்திலேயே நின்றுவிடும். வடிவம் வந்தபின் அரத்தின் கீறல்களை உப்புத்தாளால் படிப்படியாக நீக்கிக் கண்ணாடிபோல் வழவழப்பாக்க வேண்டும். சிறு கீறல் எஞ்சினாலும் அது முளையில் உரசும். அந்த உரசல் விரலுக்கு வரும் செய்தியைக் குழப்பிவிடும்.

கடையில் வாங்கும் கருவி எல்லாக் கைகளுக்கும் பொதுவானது. தானே செய்தது தன் விரலின் நீளத்திற்கும், தன் பிடியின் பழக்கத்திற்கும், தான் எதிர்கொள்ளும் பூட்டின் குறுகிய வாய்க்கும் ஏற்ப அமைந்தது. நுனியின் வளைவு ஒரு பூட்டில் அரை மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும் என்று தெரிந்தால், மறுநாள் அவ்வாறே இழைத்துக்கொள்ளலாம். எழுத்தாணியைத் தானே சீவிக்கொண்ட பழைய ஓலை எழுத்தரும், நாணல் பேனாவின் நுனியைத் தம் எழுத்தின் அகலத்திற்கு ஏற்ப வெட்டிக்கொண்ட அரபு எழுத்தணிக் கலைஞரும் அறிந்திருந்த உண்மை இது. கருவியைச் செய்யும்போதே வேலையின் பாதி கற்கப்பட்டுவிடுகிறது. கைவினைத் திறப்புக் கம்பியின் ஈர்ப்பு முதன்மையாக இதில்தான் அடங்கியிருக்கிறது: செய்தவனுக்கு அது பூட்டைப் பற்றிய தன் புரிதலின் எஃகு வடிவம்.

இஸ்ஃபஹானிலிருந்து ஆமித் வரை

பூட்டியல் அறிவைக் கைவினைஞர்கள் உயர்ந்த நிலைக்குக் கொண்டுசென்ற காலங்களுள் ஒன்று ஹிஜ்ரி ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகள். கோபன்ஹேகன் நகரிலுள்ள டேவிட் அருங்காட்சியகத்தில் ஒரு பித்தளைப் பெட்டி பாதுகாக்கப்படுகிறது. அதைச் செய்தவர் இஸ்ஃபஹானைச் சேர்ந்த முஹம்மது இப்னு ஹாமித் அல்அஸ்துர்லாபீ. ஹிஜ்ரி 597, அதாவது கி.பி. 1200-1201 என்று காலம் பொறிக்கப்பட்டுள்ளது. அப்பெட்டிக்குச் சாவி கிடையாது. மூடியின்மேல் நான்கு வட்டுகள். அவற்றில் பொறித்த எழுத்துகளை உரியவாறு பொருத்தினால்தான் திறக்கும். இப்படிப் பொருத்துவதற்குக் கணக்குப்படி நானூறு கோடிக்கும் மேற்பட்ட வழிகள் உண்டு. அவருடைய பெயரின் ஈற்றடை கவனிக்கத்தக்கது. அஸ்துர்லாபீ என்றால் விண்மீன்களை அளக்கும் 'அஸ்துர்லாப்' கருவியைச் செய்பவர். வானத்தை அளக்க வட்டுகளைச் சுழலச் செய்த அதே கை, பெட்டியைக் காக்கவும் வட்டுகளைச் சுழலச் செய்தது.

சில ஆண்டுகள் கழித்து, இன்று துருக்கியில் தியார்பக்கிர் என வழங்கும் ஆமித் நகரில், அர்துகிய மன்னர் நாஸிருத்தீன் மஹ்மூதின் அரண்மனைப் பொறியாளர் அல்ஜஸரீ தம் பெருநூலை 1206இல் எழுதி முடித்தார். நீர்க்கடிகாரங்களுக்கும் நீரேற்றும் பொறிகளுக்கும் புகழ்பெற்ற அந்நூலின் ஆறாம் பிரிவில், எழுத்துகளைப் பொருத்தித் திறக்கும் பெட்டிப் பூட்டு ஒன்றையும், கதவின் பின்புறம் நான்கு தாழ்களை இயக்கும் பூட்டு ஒன்றையும் அவர் விளக்கியிருக்கிறார். எந்த உறுப்பை எவ்வளவில் செய்வது, எதை எதனோடு பொருத்துவது என்பதைப் படங்களுடன் எழுதிவைத்தார். பூட்டின் உட்பகுதி வெளியார் அறியக்கூடாத மறைபொருள் என்று அவர் கருதவில்லை. பிறகு வரும் கைவினைஞன் அதைப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பதே அவருடைய நோக்கமாக இருந்தது.

அதே அர்துகிய அவையோடு தொடர்புடைய இன்னொரு நூலும் உண்டு. இதனை நம்மவர் அதிகம் பேசுவதில்லை. நாஸிருத்தீன் மஹ்மூதின் மகன் மஸ்ஊத் மவ்தூத் 1222 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆண்டார். அவர் கேட்டுக்கொண்டதன்பேரில், டமாஸ்கஸை அடுத்த ஜவ்பர் என்னும் ஊரைச் சேர்ந்த அப்துர் ரஹீம் அல்ஜவ்பரீ ஒரு நூல் இயற்றினார். போலித் துறவிகள், போலி மருத்துவர்கள், இரசவாதம் பேசி ஏமாற்றுவோர், வீடு புகுந்து திருடுவோர் எனப் பலரும் கையாளும் தந்திரங்களை அத்தியாயம் அத்தியாயமாக வெளிப்படுத்துவது அந்நூல். அவருக்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே, பஸராவின் பேரறிஞர் அல்ஜாஹிஸ் திருடர்களின் தந்திரங்கள் குறித்துத் தனி நூலே எழுதியிருந்தார் என்று கூறப்படுகிறது. அந்நூல் நமக்குக் கிடைக்கவில்லை.

தந்தையின் அவையில் பூட்டைச் செய்யும் முறை எழுதப்பட்டது. மகனின் அவையில் பூட்டிய வீட்டில் புகுவோரின் முறை எழுதப்பட்டது. இவ்விரு நூல்களும் ஒன்றையொன்று முரண்படவில்லை. பாதுகாப்பு வேண்டுவோர் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும் என்ற தெளிவு அக்காலத்தில் இருந்திருக்கிறது. தீயவர்களின் வழிமுறைகளை நல்லவர்கள் அறியாதிருப்பதால் தீயவர்களுக்கு மட்டுமே நன்மை என்பதை அல்ஜவ்பரீயின் முயற்சி ஒப்புக்கொள்கிறது.

இலண்டனில் ஒரு கோடைக்காலம்

இந்தத் தெளிவை ஐரோப்பா 1851இல் சற்று வேதனையுடன் கற்றுக்கொண்டது. அவ்வாண்டு இலண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்கு அமெரிக்கப் பூட்டு நிறுவனம் ஒன்றின் சார்பில் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்பவர் வந்திருந்தார். அப்போது இங்கிலாந்தின் பெருமைக்குரிய பூட்டுகள் இரண்டு. ஒன்று, 1818இல் காப்புரிமை பெற்ற சப் பூட்டு. முறையற்ற கருவி உள்ளே நுழைந்தால் அதனைக் காட்டிக்கொடுக்கும் அமைப்பு அதிலிருந்தது. மற்றொன்று, ஜோசஃப் பிராமா 1784இல் காப்புரிமை பெற்ற பூட்டு. பிராமாவின் கடைச் சன்னலில் பல பத்தாண்டுகளாக ஒரு பூட்டும் ஓர் அறிவிப்பும் இருந்தன: இதனைத் திறக்கும் கருவியைச் செய்பவர்க்கு 200 கினி பரிசு.

அந்த அறிவிப்பின் சொற்களில் ஒரு நுட்பம் உண்டு. சவால் விடுக்கப்பட்டது திருடனுக்கன்று. கருவி செய்யும் கைவினைஞனுக்கு. ஹாப்ஸ் முதலில் சப் பூட்டைச் சாட்சிகளின் முன்னிலையில் 25 நிமிடங்களில் திறந்து, காட்டிக்கொடுக்கும் அமைப்பு சிறிதும் அசையாமல் மீண்டும் பூட்டினார். பின்னர் பிராமா பூட்டுக்காகத் தாமே தனிக் கருவிகளை அமைத்துக்கொண்டு, 16 நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதனையும் திறந்தார். நாட்டில் பெருங் கலக்கம் ஏற்பட்டது. வங்கிகளும் வணிகர்களும் அஞ்சினர். இத்தகைய செய்திகளை வெளியிடுவதே தவறு என்று பலர் வாதிட்டனர். 1853இல் ஹாப்ஸின் ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டு சார்ல்ஸ் டாம்லின்சன் பதிப்பித்த நூல் இதற்கு மறுமொழி தந்தது. தம் தொழிலில் தேர்ந்த திருடர்கள் இவற்றை ஏற்கெனவே அறிவார்கள். அறியாதிருப்பவர்கள் பூட்டை நம்பி வாங்கும் நேர்மையாளர்களே என்பது அதன் சாரம்.

விளைவு என்ன ஆயிற்று? பூட்டுத் தொழில் அழியவில்லை, பூட்டுகள் மேம்பட்டன. ஹாப்ஸே இங்கிலாந்தில் தங்கிப் பூட்டு உற்பத்தி செய்யத் தொடங்கினார். நேர்மையான எதிராளி, போலிப் புகழ்ச்சியைவிடக் கைவினைக்கு அதிக நன்மை செய்தான்.

பொழுதுபோக்கின் ஒழுங்கு

இன்றைய ஆர்வலர்கள் ஹாப்ஸின் வழித்தோன்றல்கள். 1991இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர் வட்டத்திலிருந்து புனைபெயரில் வெளியான ஒரு கையேடு, முளைப்பூட்டின் இயக்கத்தை இயற்பியல் பாடம்போல் விளக்கியது. 1997இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஸ்டெஃபன் வெர்னெரி என்பவர் முன்னின்று, பூட்டுத் திறப்பை விளையாட்டாகப் பயில்வோரின் சங்கத்தைத் தொடங்கினார். நெதர்லாந்தில் பேரி வெல்ஸ் முதலியோரின் முயற்சியால் அத்தகைய அமைப்பு ஒன்று உருவாகி, பின்னர் அமெரிக்காவிற்கும் பரவியது. இங்கெல்லாம் போட்டிகள் நடக்கின்றன. கையால் செய்த கருவிகள் காட்டப்படுகின்றன. வாதுமை மரத்தாலும் கொம்பாலும் பிடியிட்டு, நகை போல மெருகேற்றிய கம்பிகளும் அவற்றுள் உண்டு.

இவ்வமைப்புகள் தமக்கென இரண்டு விதிகளை வகுத்துக்கொண்டுள்ளன. தனக்கு உரிமையில்லாத பூட்டை, உடையவரின் அனுமதியின்றித் திறக்கக்கூடாது. தனக்கே உரியதாயினும், பயன்பாட்டில் இருக்கும் பூட்டைத் திறந்து பார்க்கக்கூடாது. இரண்டாவது விதி பூட்டின் நன்மைக்கானது. பழகும் கையால் பூட்டு பழுதானால் வீட்டார் வெளியே நிற்க நேரிடும். முதல் விதியோ மனிதருக்கிடையிலான நம்பிக்கையைப் பற்றியது. எழுதப்பட்ட சட்டம் ஏதும் வற்புறுத்தாத நிலையிலும் இந்த ஒழுங்கு அவர்களிடையே பெருமதிப்புடன் பேணப்படுகிறது. மீறியவரைத் தம்முடன் சேர்த்துக்கொள்வதில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இவ்விடத்தில் ஆழ்ந்த அறிவுடன் நடந்துகொண்டிருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 461ஆம் பிரிவில், பொருள் அடங்கிய மூடிய கலத்தை நேர்மையற்ற எண்ணத்துடனோ கேடு விளைவிக்கும் எண்ணத்துடனோ உடைத்தாலும் அவிழ்த்தாலும் இரண்டாண்டு வரை சிறை என்றது. அடுத்த பிரிவு, அக்கலத்தைக் காக்குமாறு யாரிடம் ஒப்படைக்கப்பட்டதோ அவரே அதனைச் செய்தால் மூன்றாண்டு வரை சிறை என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் 334ஆம் பிரிவில் இதே பாகுபாட்டைத் தொடர்கிறது. குற்றத்தின் உயிர்நாடி எண்ணத்தில் இருக்கிறது. அந்நியனின் கள்ளச்சாவியைவிட, நம்பி ஒப்படைக்கப்பட்டவனின் கை கொடியது என்பதும் அதிலுள்ள கருத்து. இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் திருட்டைப் பற்றிப் பேசும்போது 'ஹிர்ஸ்' என்னும் கருத்தை முன்வைத்தனர். பொருள், வழக்கப்படி உரிய காப்பிடத்தில் வைக்கப்பட்டிருந்ததா என்பதை அவர்களுள் பெரும்பான்மையோர் முதன்மையான நிபந்தனையாக்கினர். பூட்டு என்பது வெறும் இரும்பன்று. இது உனக்குரியதன்று என்று உடையவர் உலகுக்கு விடுக்கும் அறிவிப்பு என்ற புரிதல் அதில் அடங்கியிருக்கிறது.

திண்டுக்கல்லின் கேள்வி

இனி நம் ஊர்ப் பக்கம் திரும்புவோம். இந்தியாவில் பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர்கள் இரண்டு: வடக்கே அலிகர், தெற்கே திண்டுக்கல். அலிகரில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரூன்றிய இத்தொழிலில் முஸ்லிம் கைவினைஞர்களின் பங்கு பெரிது. பல்கலைக்கழகத்தால் நமக்கு அறிமுகமான அந்நகரை, வடநாட்டு எளிய மக்கள் பூட்டு நகரம் என்றே அறிவர். திண்டுக்கல்லில் மழை பொய்த்து வேளாண்மை நிச்சயமற்றுப்போன சுற்றுப்புற ஊர்களில் பூட்டுத் தொழில் குடிசைத் தொழிலாகப் பரவியது. நாகல்நகர், நல்லாம்பட்டி முதலிய இடங்களின் பட்டறைகளில் இரும்புத் தகட்டையும் பித்தளையையும் வெட்டி, அரத்தால் தேய்த்து, கையாலேயே பூட்டுகள் உருவாயின. கோயில்களும் பண்டகசாலைகளும் சிறைச்சாலைகளும் அவற்றை நம்பின. மாங்காய் வடிவப் பூட்டு இன்றும் அதன் அடையாளம். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

திண்டுக்கல் பூட்டின் உள்ளமைப்பு பெரும்பாலும் முளைகளால் ஆனதன்று. லீவர் தகடுகளால் ஆனது. அடுக்கடுக்காக உள்ள தகடுகள் ஒவ்வொன்றையும் சாவி வெவ்வேறு அளவுக்குத் தூக்க வேண்டும். குறைவாகத் தூக்கினாலும் மிகையாகத் தூக்கினாலும் தாழ் நகராது. இத்தத்துவம் 1778இல் இங்கிலாந்தின் ராபர்ட் பேரன் பெற்ற காப்புரிமையோடு உலகறிந்ததாயிற்று. திண்டுக்கல்லின் சிறப்பு, ஒவ்வொரு பூட்டும் தனித்தனியே இழைக்கப்படுவது. தகட்டின் வெட்டும் அதற்கேற்ற சாவியும் ஒரே கையில் பிறக்கின்றன. ஆகவே ஒரு பூட்டுக்கும் இன்னொன்றுக்கும் இடையே கைவினைஞனின் மனமே வேறுபாட்டை அமைக்கிறது.

சிக்கலும் இங்கேதான் எழுகிறது. இயந்திரத்தால் மலிவாக உற்பத்தியாகும் பூட்டுகளின் போட்டியால் திண்டுக்கல்லின் பட்டறைகள் அருகிவிட்டன. கூலி குறைவு, உழைப்பு மிகுதி, அடுத்த தலைமுறையினர் வேறு வேலைகளுக்குச் சென்றுவிட்டனர். புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். பிறர் அப்பெயரைப் பயன்படுத்தாமல் தடுக்கும். ஆனால் தகட்டை எந்த இடத்தில் எவ்வளவு தேய்ப்பது என்னும் அறிவை அது காக்காது. அல்ஜஸரீ எழுதிவைத்ததுபோல் திண்டுக்கல்லின் கம்மியர்கள் எழுதிவைக்கவில்லை. அவர்களுடைய நூல் அவர்களுடைய கை. கை ஓய்ந்தால் நூலும் மூடப்படும்.

எஞ்சியிருப்பவை பூட்டுகள் மட்டுமே. பழைய வீடுகளின் பெட்டகங்களிலும், தர்காக்களின் உண்டியல்களிலும், பள்ளிவாசல்களின் பண்டக அறைகளிலும் அவை கிடக்கின்றன. பலவற்றுக்குச் சாவி தொலைந்துவிட்டது. அவற்றை என்ன செய்கிறோம்? ரம்பத்தால் அறுத்தெறிகிறோம்; அல்லது பழைய இரும்புக்கு எடைபோடுகிறோம். அறுக்கப்படும் ஒவ்வொரு பூட்டோடும், அதைச் செய்தவர் விட்டுச் சென்ற ஒரே சான்று அழிகிறது. பழுதின்றி ஒரு பூட்டைத் திறக்கத் தெரிந்த கைக்கு மட்டுமே அதன் உள்ளமைப்பை வாசிக்கவும், அளவெடுக்கவும், தொலைந்த சாவியை மீண்டும் இழைக்கவும் இயலும். நம் கடைத்தெருக்களில் நடைபாதையோரம் அமர்ந்து மாற்றுச் சாவி செய்துதரும் எளிய மனிதர்கள் அத்தகைய அறிவைச் சிறிதளவேனும் காத்துவருகிறார்கள். அவர்களுடைய கருவிகளும் கையால் செய்தவையே: குடைக்கம்பி, ஹேக்ஸா பிளேடு, தேய்ந்த அரம். மேலைநாட்டு ஆர்வலர் அதே கம்பியைச் செய்தால் கைவினை என்கிறோம். நம் தெருவோரத்தவர் செய்தால் ஐயத்துடன் பார்க்கிறோம். இந்தப் பார்வையை மாற்றிக்கொள்ளாமல் திண்டுக்கல்லின் கலையைக் காக்க முடியாது.

செய்யத்தக்கது பெரிதொன்றுமன்று. தொழிற்பயிற்சி நிலையங்களில் அரம் பிடிக்கக் கற்கும் மாணவர்களுக்கு, சதுரத் துண்டோடு ஒரு திண்டுக்கல் பூட்டின் தகட்டையும் சாவியையும் இழைக்கும் பாடத்தைச் சேர்க்கலாம். சாவி தொலைந்த பழம்பூட்டுகளை அறுக்காமல் திறந்து, உள்ளமைப்பை வரைந்து, படமெடுத்துத் தொகுக்கலாம். ஜமாஅத்துகளும் தர்கா நிர்வாகங்களும் தங்கள் வசமுள்ள பழைய பூட்டுகளைக் கணக்கெடுத்து வைக்கலாம். மூத்த கம்மியர்கள் நம்மிடையே இருக்கும்போதே இது நடந்தாக வேண்டும்.

திறவுகோல் யாரிடம்?

மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல், கஅபாவின் திறவுகோல் உஸ்மான் இப்னு தல்ஹாவின் குடும்பத்தாரிடம் இருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனைப் பெற்றுக் கஅபாவைத் திறந்து உள்ளே சென்று வந்தார்கள். வெளியே வந்தபோது அப்பொறுப்பைத் தம் குடும்பத்திற்கு அளிக்குமாறு நெருங்கிய உறவினர் வேண்டினர். ஆயினும் நாயகம் (ஸல்) அவர்கள் உஸ்மானை அழைத்து அவரிடமே திறவுகோலைத் திருப்பித் தந்தார்கள். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு பணிக்கும் 'அந்நிஸா' அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தை விரிவுரையாளர்கள் இந்நிகழ்வோடு இணைத்துப் பேசுவர். பதினான்கு நூற்றாண்டுகள் கடந்தும், கலீஃபாக்களும் சுல்தான்களும் மன்னர்களும் மாறி மாறி வந்தபோதும், அத்திறவுகோல் பனூ ஷைபா குடும்பத்தாரிடமே இருந்துவருகிறது. மம்லூக்குகளும் உஸ்மானியரும் கலையழகு மிக்க பூட்டுகளையும் சாவிகளையும் செய்து அனுப்பினர். இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் அவற்றுள் பல இன்றும் உள்ளன. பூட்டுகள் பலமுறை மாறின. அவற்றைத் திறக்கும் உரிமை மாறவில்லை.

அவ்வெற்றி நாளில் திறவுகோலை வைத்துக்கொள்ளும் ஆற்றல் நாயகத்திடம் (ஸல்) இருந்தது, தடுப்பார் எவருமில்லை. ஆற்றல் இருந்தும் உரியவரிடம் ஒப்படைத்ததில்தான் அமானிதத்தின் பொருள் நிறைவு பெறுகிறது. திறக்கத் தெரியாதவன் பிறர் பூட்டைத் தொடாமலிருப்பதில் சிறப்பு ஏதுமில்லை. தன் கையாலேயே கருவி செய்து, எந்தப் பூட்டையும் திறக்கும் தேர்ச்சி பெற்று, பிறகும் அண்டை வீட்டாரின் கதவுமுன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவனிடமே அந்தப் பண்பு சோதிக்கப்படுகிறது. ஆகவே இந்த அறிவை மறைத்து வைப்பதைவிட, ஒழுங்கோடு கற்பிப்பதே சமூகத்திற்குப் பாதுகாப்பு. அரத்தைப் பிடிக்கக் கற்றுத்தரும் ஆசான், பூட்டு யாருடையது என்று கேட்கவும் முதல் நாளிலேயே கற்றுத்தருவாரானால், திறக்கும் கையும் காக்கும் கையும் ஒன்றே ஆகும்.